வாத்தலகிக்கு எந்தப் பெயர் செல்லும்?

1799-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வாத்தலகித் தோலைப் (வாத்து போன்ற அலகுள்ள பாலூட்டி, ஆங்கிலத்தில் பிளாட்டிபஸ்) பார்த்த ஆங்கில விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கு, யாரோ வாத்தின் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் வந்தது. ஆனாலும் பிளாட்டிபஸ் அனாடினஸ் என்று பெயரிட்டு அச்சேற்றிவிட்டார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் புளூமன்பாக் என்ற இயற்கையியலாளர் அதே விலங்குக்கு ஆர்னிதோரிங்கஸ் பாரடாக்சஸ் என்று பெயர் வைத்தார். இன்று செல்லுபடியாகும் பெயர் இவை இரண்டுமே அல்ல. ஆர்னிதோரிங்கஸ் அனாடினஸ் என்பதே அது.

இந்த ஒட்டுப்போட்ட பெயருக்குக் காரணம், விலங்குகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு. அதன் அடிப்படை, பத்திரப்பதிவு அலுவலகம் போன வழி தெரிந்த எவருக்கும் புரியும்: முதலில் பதிந்தவருக்கே உரிமை. கணக்கு தொடங்கும் நாள் 1758 ஜனவரி 1. அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஷா முந்திக்கொண்டதால் 'அனாடினஸ்' என்ற சிற்றினப் பெயர் நிலைத்தது. பேரினப் பெயரில்தான் அவருக்குச் சறுக்கல். 'பிளாட்டிபஸ்' என்பதை 1793-லேயே ஹெர்பஸ்ட் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் ஒரு வண்டுப் பேரினத்துக்குக் கொடுத்திருந்தார். விலங்குலகில் ஒரு பேரினப் பெயரை இருவர் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே அடுத்து வந்த புளூமன்பாக்கின் பெயர் அந்த இடத்தைப் பிடித்தது. தாவரங்களுக்குத் தனி விதித்தொகுப்பு உண்டு என்பதால், 'மோரஸ்' என்ற பெயரை மல்பெரி மரமும் ஒரு கடற்பறவையும் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கின்றன.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விதிப்படி வெளியான பெயர் என்பது வேறு, செல்லும் பெயர் என்பது வேறு. 'பாரடாக்சஸ்' முறையாக வெளியான பெயர்தான், பிந்தியதால் தோற்றது. போட்டியில் நிற்கவே சில தகுதிகள் வேண்டும். பெயர் லத்தீன் எழுத்துகளில், இரண்டு சொற்களாக இருக்க வேண்டும். சொல் லத்தீனாக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தாராளமாக வரலாம். 1930-க்குப் பிந்திய பெயர் என்றால், அந்த உயிரினத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகளும் எழுத்தில் வேண்டும். 1999-க்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுகியது: இது புதிய இனம் என்று வெளிப்படையாக அறிவித்து, பெயருக்குச் சான்றாக நிற்கும் மாதிரியையும் குறிப்பிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவது 2012 முதல் செல்லும், ஆனால் விலங்குப் பெயர்களுக்கான 'ஜூபேங்க்' இணையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும்.

முந்தியதே வெல்லும் என்றால், தூசி தட்டி எடுத்த ஏதோ ஒரு பழைய பெயர் ஊரறிந்த பெயரைக் கவிழ்த்துவிடாதா? அதற்கும் தடுப்பு இருக்கிறது. பழைய பெயரை 1899-க்குப் பின் யாரும் செல்லும் பெயராகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. புதிய பெயரோ கடந்த 50 ஆண்டுகளுக்குள் குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 படைப்புகளிலாவது வந்திருக்க வேண்டும், அவையும் பத்தாண்டுக்குக் குறையாத காலத்தில் பரவியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பழையது ஒதுங்கிக்கொள்ளும். இந்த விதித்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான்.

இரண்டு பெயர்களும் ஒரே இனத்தையா குறிக்கின்றன என்ற கேள்விக்கு மட்டும் விதித்தொகுப்பு பதில் சொல்லாது. அது ஆய்வாளரின் தீர்ப்பு.

பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியையும் கவனியுங்கள். நம் வரையாடு நெடுங்காலம் ஹெமிட்ராகஸ் பேரினத்தில் இருந்தது. 2005-இல் நீல்கிரிட்ராகஸுக்கு மாறியது. இப்போது அதை 'நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் (ஓகில்பி, 1838)' என்று எழுதுகிறார்கள். பெயர் வைத்தவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதே அந்த வளைவுக் கோடுகளின் பொருள். வாத்தலகிக்கும் அப்படியே: (ஷா, 1799).