‘கிரவுட்ஃபண்டிங்’: திரள்நிதியா, முற்பணமா?

ஒரு வேலைக்குப் பலரிடம் சிறுகச் சிறுகக் காசு சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘கிரவுட்ஃபண்டிங்’ என்பார்கள். அந்தச் சொல் பிறந்தது 2006இல். அந்த ஆண்டு யூனில் ஜெஃப் ஹவ் ‘வயர்ட்’ சஞ்சிகையில் ‘கிரவுட்சோர்சிங்’ (வேலையைப் பலரிடம் பகிர்ந்து விடுவது) என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். ஓகஸ்டில் மைக்கேல் சலிவன் என்பவர் அதன் தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றினார். 2009இல் நியூயோர்க்கில் இப்படிக் காசு சேர்க்கும் இணையத்தளமான கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியபின் சொல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பிரித்தால் இரண்டு துண்டு. ‘கிரவுட்’ பழைய ஆங்கிலத்தில் ‘நெருக்கு, தள்ளு’ என்ற வினை. அந்த நெரிசல்தான் பிறகு கூட்டமானது. ‘ஃபண்ட்’ இலத்தீனின் ‘ஃபுண்டுஸ்’: அடி, அடித்தளம், காணி. வன்னியில் வயலுக்குப் போடும் காசை ‘முதல்’ என்கிறோம். தொடக்கமும் அதுதான், போட்ட காசும் அதுதான். ‘நிதி’ வேறு. வடமொழியில் அது புதையல், வைத்துக் காக்கும் செல்வம். போட்டு எடுக்கும் காசுக்கு ‘முதல்’ கிட்டின சொல். ‘நிதி’ கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

வழக்கம் சொல்லைவிட மிகப் பழையது. 1885இல் சுதந்திரதேவி சிலையின் பீடத்துக்குக் காசு போதாமல் போக, ஜோசப் புலிட்சர் தன் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வாசகர்களிடம் கேட்டு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு டொலரோ அதற்குக் குறைவோதான் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்த பிடியரிசி இதே கணக்கு. சீட்டு வேறு வகை: அதில் காசு சுற்றி வந்து கட்டினவரிடமே சேரவேண்டும். ஒன்று கொடை, மற்றது கொடுக்கல் வாங்கல். இரண்டையும் ஒரே பெயரால் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் சொல்கிறது, சிக்கல் அங்கேதான்.

தமிழில் புழங்கும் பெயர்களைப் பார்ப்போம். ‘கூட்டநிதி’ சொல்லுக்குச் சொல் வைத்தது. ‘கூட்டம்’ என்றால் இங்கே முதலில் மேடையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். ‘கூட்டுநிதி’ பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கணக்குப் போலக் கேட்கிறது. ‘திரள்நிதி’ இவற்றுள் நல்ல சொல்: ‘திரள்’ பெயராகவும் நிற்கும், வினையாகவும் ஓடும், ஆட்களும் திரள்கிறார்கள், காசும் திரள்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் மேடை வரைக்கும் ஏறிவிட்டது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதுபோல ஒரு பேரிடர் வந்து காசு சேர்த்தால் அதற்குத் திரள்நிதி என்ற பெயர் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

ஆனால், செய்யப்படாத ஒரு கணினிக்கு முன்கூட்டியே காசு கட்டுவதற்கு?

1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் சிங்கிளேர் நிறுவனம் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. ரப்பர் விசைகள், இசட்80 செயலி, 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண்ட், 48 கிலோபைட்டோடு 175. அடுத்து வந்த ஆண்டுகளில் அதைப் பார்த்துச் செய்த கணினிகள் முளைத்தன: அமெரிக்காவில் டைமெக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் டிடாக்டிக், ரஷ்யாவில் பென்டகன். சில உரிமம் வாங்கியவை, பல வாங்காதவை. இவற்றைப் பொதுவாக ‘குளோன்’ என்பார்கள். கிரேக்கத்தில் ‘குளோன்’ என்றால் சிறு கிளை, ஒடித்து நட்டால் முளைக்கும் கொப்பு. ‘நகலி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஃபோட்டோக்கொப்பிக் கடைச் சொல்லாகப் படுகிறது. பதிவைத்து எடுத்த கன்றைப் ‘பதியன்’ என்கிறோமே, மூலச்சொல்லும் அதைத்தான் சொல்கிறது. ‘பதியன் கணினி’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.

முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அதே ஸ்பெக்ட்ரத்தின் பெயரில் இரண்டு தரப்பு மக்களிடம் காசு கேட்டு வந்தன. 2016 பெப்ரவரியில் ‘வேகா பிளஸ்’: கையில் வைத்து விளையாடும் சிறு கருவி, இண்டிகோகோ தளத்தில் ஐந்து இலட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2017 ஏப்ரலில் ‘ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்’: முழுக் கணினி, கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 250,000 பவுண்ட், கிடைத்தது 723,390. நெக்ஸ்டின் உள்ளே இருப்பது எஃப்பிஜிஏ என்ற சில்லு. அதன் உள்ளிணைப்புகளைத் திரும்ப எழுதலாம். எழுதினபடி அது பழைய இயந்திரத்தின் மின்சுற்றாகவே நடந்துகொள்ளும். அதன் உறையை வரைந்தவர் 1982இன் ஸ்பெக்ட்ரத்துக்கும் வடிவம் கொடுத்த ரிக் டிக்கின்சன். 2018இல் அவர் காலமானார்; முழு இயந்திரம் காசு கட்டினவர்களிடம் போகத் தொடங்கியது 2020இல். சொன்ன தவணையோ 2018 சனவரி.

பிந்தினாலும் நெக்ஸ்ட் வந்தது. வேகா பிளஸ் கதை வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை. பணிப்பாளர்களுக்குள் பிளவு, தவணை மேல் தவணை, 2018இல் மிகச் சிலரின் கைக்கு மட்டும் அரைகுறையாக ஒரு கருவி. 2019 பெப்ரவரியில் நிறுவனமே கலைக்கப்பட்டது. காசு கட்டினவர்களில் பெரும்பாலானோருக்குக் கருவியும் இல்லை, காசும் இல்லை.

இரண்டு இடத்திலும் நடந்ததற்கு ஆங்கிலத்தில் ஒரே பெயர். கிக்ஸ்டார்ட்டரே 2012இல் ‘கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை அல்ல’ என்று தலைப்பிட்டு எழுதவேண்டி வந்தது என்றால், சொல் எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். கடையில்லை, சரி. கொடையும் இல்லை; பொருள் தருகிறேன் என்ற வாக்கு இருக்கிறது. முதலீடும் இல்லை, இலாபத்தில் ஒரு சதம் வராது. கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகை நிரம்பாவிட்டால் யாரிடமும் காசு எடுக்கமாட்டார்கள். இண்டிகோகோவில் நிரம்பாவிட்டாலும் சேர்ந்ததை எடுத்துக்கொள்ளும் வழி இருந்தது.

இதற்கு நான் எழுதுவது ‘முற்பணத் திரட்டு’. வன்னியில் மேசனுக்கும் தச்சருக்கும் முற்பணம் கொடுக்காத வீடு இல்லை. முற்பணம் என்றதும் கேட்கவேண்டிய கேள்விகள் தாமாக வாயில் வரும்: முன்பு என்ன செய்தவர்? பொருள் எங்கே நிற்கிறது? எப்போது தருவார்? ‘நிதி’ என்றால் அந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சமாகிவிடும். ‘திரட்டு’ இருப்பதால் பலர் சேர்வதும் விட்டுப்போகவில்லை. வெள்ளத்துக்குத் திரள்நிதி, கணினிக்கு முற்பணத் திரட்டு. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொல் வைப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

இப்படிப் பழைய பாணியை ஏக்கத்தோடு திரும்பக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘ரெட்ரோ’ என்பார்கள்; அதற்குப் ‘பழம்பாணி’ போதும். அந்த ஏக்கம் எங்களுடையதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பிரித்தானியப் பிள்ளைகளுக்கு ஸ்பெக்ட்ரம் விளையாட்டு ஞாபகமாகத் தங்கிய ஒன்று. பொருளாதாரத் தடைக்காலத்து வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியே கேட்டார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளை இன்று இந்த இயந்திரத்தை விரும்பினால், ஒரு கணினியை அடிமுதல் நுனிவரை ஒரு ஆளே விளங்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். நல்ல காரணம்தான், முற்பணம் கட்டக் காணும் காரணமா என்பதை அவரவர் மடியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

கிக்ஸ்டார்ட்டரில் திரட்டைத் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கிருந்து நாங்கள் கட்டுகிற பக்கத்தில்தான் நிற்கலாம். அந்தப் பக்கத்தில் நிற்பவரை ஆங்கிலம் ‘பேக்கர்’ என்கிறது, முதுகுக்குப் பின்னால் நின்று தாங்குபவர் என்ற பொருளில். ‘ஆதரவாளர்’ என்று பெயர்த்தால் கட்சி வாசம் அடிக்கும், ‘புரவலர்’ என்றால் பொன்னாடை வேண்டும். சீட்டுக் கணக்கில் எங்கள் பெண்கள் சொல்லும் ‘காசு கட்டினவர்’ இருக்கிறது. கட்டினவர் என்றால் வாங்கினவர் அல்ல, கொடுத்துவிட்டு மறந்தவரும் அல்ல. அவருக்கு வரவேண்டியது ஒன்று இன்னும் நிற்கிறது.