என்கவுன்ட்டர்: சொல்லும் சட்டமும்

‘எதிராக’ என்று பொருள்படும் லத்தீன் ‘கோன்ட்ரா’வில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் என்கவுன்ட்டர். நேரடிப் பொருள் எதிர்ப்படுதல். படைத்துறையில், எதிரியை எதிர்பாராமல் சந்தித்து மூளும் சண்டைக்கு அது பெயரானது. நம் காவல்துறை அறிக்கைகள் எடுத்துக்கொண்டது அந்தப் பொருளைத்தான்: பிடிக்கப் போனோம், தாக்கினார், சுட்டோம். பேச்சு வழக்கிலோ நேர்மாறு. ‘அவனை என்கவுன்ட்டர் பண்ணிட்டாங்க’ என்றால், முடிவெடுத்துச் சுட்டுக் கொன்றார்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.

தண்டனைச் சட்டத்தில் இப்படியொரு சொல்லே கிடையாது. கொல்வதற்கென்று காவலருக்குத் தனி உரிமையும் கிடையாது. அவர் சொல்லக்கூடிய காரணம் பெரும்பாலும் தற்காப்புரிமை. அது எந்தக் குடிமகனுக்கும் உள்ளதுதான். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அவை 96 முதல் 106 வரை. உயிர்போகும், கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் போன்ற நிலைகளில்தான் 38ஆம் பிரிவு உயிரைப் பறிக்கும் அளவுக்கு இடம் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்கிறது 37. அச்சம் நீங்கிய நொடியில் உரிமையும் முடிகிறது என்கிறது 40. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் கொலைக்குற்றம் ஒரு படி குறையும். குற்றமே இல்லை என்றாகாது. கைது நடவடிக்கையில் பலம் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு இல்லாதவரைச் சாகடிக்க அது வழியாகாது.

என்கவுன்ட்டர் மரணங்களில் செய்யவேண்டியவற்றை உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 16 நெறிகளாக வகுத்தது. முன்கூட்டித் துப்பு கிடைத்திருந்தால் அது எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிவாக வேண்டும். முதல் தகவல் அறிக்கை தாமதமின்றி நீதிமன்றம் போக வேண்டும். விசாரிப்பது சிஐடி அல்லது வேறொரு காவல் நிலையக் குழு. மேற்பார்வை அதிகாரி, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். காயமடைந்தவருக்கு உடனே சிகிச்சை, நெருங்கிய உறவினருக்குத் தகவல், நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை. உடற்கூராய்வு மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்களால், வீடியோ பதிவுடன். சுட்டவர்கள் துப்பாக்கிகளைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். வீரம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகும்வரை பதக்கமோ வரிசை தாண்டிய பதவி உயர்வோ கூடாது.

கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கைதான். இறந்தவர்மீது கொலை முயற்சி வழக்கை மட்டும் பதிவுசெய்து, குற்றம்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று மூடிவிட்டால், சுட்டது சரியா என்ற கேள்வி நீதிமன்றப் படியே ஏறாது. தற்காப்பு என்பது சுட்டவர் காட்டவேண்டிய விதிவிலக்கு. ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழக்கூடியதுதான் என்று காட்டினால் போதும். அதைக்கூடக் கேட்காமல் விடுவதுதான் அநியாயம். அடுத்தது தடயம். கையில் படிந்த வெடிமருந்துத் துகள் சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், கழுவினால் போய்விடும். அதனால் இறந்தவர் சுட்டாரா என்பதை உடனே மாதிரி எடுத்தால்தான் அறியலாம். குண்டு நுழைந்த காயத்தைச் சுற்றிக் கருமையும் புள்ளிகளும் இருந்தால் சில அடி தூரத்துக்குள் சுட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து சுட்டோம் என்ற அறிக்கை அங்கேயே உடையும். மேலே உடை இருந்தால் அந்தக் கருமை துணியில் தங்கிவிடும். உடையைத் தொலைப்பது சாட்சியத்தைத் தொலைப்பது.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பெண் கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே என்கவுன்ட்டர் என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டனர் என்ற முடிவுக்கு வந்தது.

தமிழில் ‘மோதல்’, ‘மோதல் கொலை’, ‘போலி மோதல்’ என்று எழுதுகிறோம். ‘மோதல்’ அகராதிக்குச் சரி, செய்திக்குச் சரியில்லை: இரு தரப்பும் தாக்கிக்கொண்டதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. ‘போலி மோதல்’ எதிர்ப்பக்கத் தீர்ப்பை முன்கூட்டியே எழுதுகிறது. விசாரணை முடியும்வரை ‘காவல்துறை சுட்டதில் மரணம்’ என்பதே பொருத்தம். காவல்துறையின் கூற்றைச் சொல்லும்போது ‘தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறுகிறது’ என எழுதலாம். நீதிமன்றம் ஏற்றால் ‘தற்காப்பில் சுட்டது’, ஏற்காமல் தண்டித்தால் ‘கொலை’.