கடைமடையும் வெள்ளைத் திட்டும்: கொரோனாவுக்குப் பின் இதயத் தசை

2020 ஜூலையில் எடுவார்டோ ரோட்ரிகஸுக்குக் கொரோனா வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் அவர். வயது 27. முந்தைய ஆண்டு 19 ஆட்டங்களை வென்று கொடுத்தவர். காய்ச்சல் விட்டது, பயிற்சிக்கும் திரும்பினார். ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை. சோதித்துப் பார்த்தபோது மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. அந்த ஆண்டு முழுக்க அவர் ஆடவில்லை.

இது மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைத்து, ரத்தம் கிடைக்காமல் தசை சாகிறது. மயோகார்டைட்டிஸில் குழாய் நன்றாகவே இருக்கும். தசைக்குள்ளேயே நோயெதிர்ப்புச் செல்கள் புகுந்து, நீர் கோத்து வீங்கிவிடும். வீங்கிய தசை சரியாகச் சுருங்காது. துடிப்பைக் கடத்தும் மின்சாரமும் வழியில் தடுமாறும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, படபடப்பு எல்லாம் இதனால்தான்.

கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் இதயத்திலும் உண்டு. அதனால் வைரஸ் நேரடியாக இதயத்தைத் தின்கிறது என்றே ஆரம்பத்தில் பலரும் நினைத்தார்கள். இறந்தவர்களின் இதயங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டமாகச் சூழ்ந்து தசையைச் சிதைக்கும் பாடப்புத்தகக் காட்சி அரிதாகவே இருந்தது. நுண்ணிய ரத்தக் கட்டிகள், ஆக்சிஜன் பற்றாக்குறை, கட்டுமீறிய எதிர்ப்பாற்றல் எனப் பல கைகள் சேர்ந்து செய்த சேதம்தான் அதிகம்.

இங்கேதான் ட்ரோபோனின் சோதனை பலரைக் குழப்பியது. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கவேண்டிய புரதம். அது ரத்தத்தில் ஏறினால் தசை காயப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுச் சாமான் தெருவில் கிடந்தால் சுவர் இடிந்தது தெரியும். இடித்தது திருடனா புயலா என்று சாமான் சொல்லாது. ட்ரோபோனின் கூடிய கொரோனா நோயாளிகளையெல்லாம் மயோகார்டைட்டிஸ் கணக்கில் சேர்த்தது, என் பார்வையில், அந்த ஆண்டின் பெரிய அவசரம்.

அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. கேடோலினியம் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து தங்க இடமில்லை, சீக்கிரம் வெளியேறிவிடும். செல்கள் உடைந்த இடத்தில் தேங்கி நிற்கும். கறுப்புத் தசையில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது அதுதான்.

திட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் துப்பு. இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் அதன் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. உட்புறத் தசை, வாய்க்காலின் கடைமடை மாதிரி. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? ஆகவே மாரடைப்பில் வெள்ளை உள்ளிருந்து வெளியே பரவும். மயோகார்டைட்டிஸில் பெரும்பாலும் வெளி அடுக்கிலோ சுவரின் நடுவிலோ திட்டுத் திட்டாக இருக்கும்.

இந்தக் கருவியே பீதியையும் கிளப்பியது. 2020 ஜூலையில் வெளியான ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் ஆய்வில், கொரோனாவிலிருந்து மீண்ட 100 பேரில் 78 பேரின் எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒரு மாறுதல் தெரிந்தது. உலகமே அதிர்ந்தது. பிறகு கணக்குப் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டு அந்தக் கட்டுரை திருத்தப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் 1,597 பேரைப் படமெடுத்தபோது மயோகார்டைட்டிஸ் தெரிந்தது 37 பேருக்கு. அறிகுறி இருந்தது அவர்களில் 9 பேருக்கு மட்டும். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை அலசிய இன்னொரு கணக்கில், கொரோனா நோயாளிகளில் 1 லட்சத்துக்குச் சுமார் 150 பேர், மற்றவர்களில் 9 பேர். அரிது, ஆனால் 16 மடங்கு.

தடுப்பூசியால் வராதா என்று கேட்பீர்கள். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிக்குப் பின், முக்கியமாக இளைஞர்களுக்கு, அபூர்வமாக வந்தது உண்மை. பெரும்பாலும் லேசாக வந்து சரியாகிவிட்டது. இந்தியாவில் நாம் பெரும்பாலும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகையே அல்ல.

சரி, வைத்தியம்? ஓய்வு. காக்சாக்கி என்ற வைரஸும் இதயத் தசையைத் தாக்கும். அதை ஏற்றிய எலிகளை நீந்த விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருந்த எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸும் பெருகியது, சேதமும் கூடியது. வீங்கிய தசையிலும் தழும்பிலும் மின்சாரம் சுற்றிச் சுற்றி வந்து துடிப்பு திடீரெனத் தறிகெட்டுப் போகலாம். கடும் உழைப்பு அதைத் தூண்டிவிடும். அதனால்தான் 3 முதல் 6 மாதம் வரை ஓட்டமும் ஜிம்மும் கூடாது என்கிறார்கள். திரும்பும் முன் ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின் எல்லாம் பார்க்கவேண்டும்.

ரோட்ரிகஸ் முதலில் மெதுவாக நடக்கத்தான் அனுமதிக்கப்பட்டார். 2021 ஏப்ரலில் மீண்டும் மைதானத்துக்கு வந்து, அந்த ஆண்டு 13 ஆட்டங்களை வென்றார்.