தேடுபொறி உகப்பாக்கம்: உயர்தலும் உகத்தலும்

பாம்பனில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: “எஸ்.இ.ஓ. பண்ணித் தர்றோம்னு சொல்லி ஒரு கம்பெனிக்காரங்க காசு வாங்கிட்டுப் போனாங்க தம்பி. என்னன்னு கேட்டா, கூகுள்ல மேல வரும்ங்கிறாங்க. மேல வந்தாச் சரிதான். ஆனா அந்த மூணு எழுத்துக்கு என்ன அர்த்தம்?”

சர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன் என்பதன் சுருக்கம் அது. தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறோம். இணையத்தில் ஒருவர் ஒன்றைத் தேடும்போது நம் பக்கம் அவர் கண்ணில் படும்படி அதை அமைக்கும் வேலை.

என்ஜின் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘இன்ஜீனியம்’. பிறவி அறிவு, சாமர்த்தியம் என்று பொருள். நம் ‘பொறி’யும் வெறும் இயந்திரம் அல்ல. எலிப்பொறியில் சூழ்ச்சி இருக்கிறது, ஐம்பொறியில் அறிவு இருக்கிறது. தேடிய, தேடுகின்ற, தேடும் என மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருப்பதால் ‘தேடுபொறி’ வினைத்தொகை. அதனால் ஒற்று மிகாது. ‘தேடுப்பொறி’ என்று எழுதுவது பிழை.

ஆப்டிமைசேஷன் என்பதற்குத்தான் நம்மிடம் குழப்பம். மூலம் லத்தீன் ‘ஆப்டிமுஸ்’, அதாவது மிகச் சிறந்தது. இதை வைத்துக்கொண்டு ‘தேடுபொறி மேம்படுத்தல்’ என்று பலர் எழுதுகிறார்கள். படிப்பவர் அதைத் ‘தேடுபொறியை மேம்படுத்தல்’ என்று விரிப்பார். கூகுளை மேம்படுத்துவது பாம்பன் அக்காவின் வேலை இல்லையே! மேம்படுவது அவருடைய பக்கம்தான். ‘உகப்பாக்கம்’ என்று சொன்னால் இந்தச் சிக்கல் வராது. உகந்தது என்றதுமே ‘எதற்கு’ என்று மனம் கேட்கும். தேடுபொறிக்கு உகந்ததாக ஆக்குதல் என்று வேற்றுமை தானாக வந்து பொருந்தும்.

இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொல்காப்பியம் உரியியலில் ‘உகப்பே உயர்தல்’ என்று இருக்கிறது. விரும்புதல், பொருந்துதல் என்ற பொருளில் இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு உயர்தல் என்பதே அங்கே சொல்லப்படும் பொருள். உயர்தல், உகந்திருத்தல் இரண்டும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் அந்த முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு வந்த கதைதான் என்பேன்.

1990களின் நடுவில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதாகப் பார்த்தன. பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், திறவுச்சொற்களை வரிசையாக எழுதி வைக்கவும் ஓர் இடம் இருந்தது. மெட்டா கீவேர்ட் என்பார்கள். உயர வேண்டும் என்ற ஒரே குறி. எனவே சொற்களைக் குவித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதி மறைத்தார்கள். 1998இல் கூகுள் நிறுவனமாகத் தொடங்கியபோது அதன் அடிப்படை வேறாக இருந்தது. லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகிறார்கள் என்று பார்த்தது. சாட்சி சொல்பவர் யார் என்று பார்க்கும் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. உடனே இணைப்புகளையே விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள்.

2009 செப்டம்பரில், தரவரிசைக்கு மெட்டா கீவேர்டைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற பெயரில் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்த மாற்றம், சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த பென்குவின் என்ற அடுத்த மாற்றம், விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. 2015 ஏப்ரலிலிருந்து, கைப்பேசித் தேடலில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை. மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று எங்கள் கரையில் கணினியே தொடாமல் போனில் மட்டும் இணையம் பார்ப்பவர்கள் ஏராளம். எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான். 2019இல் கூகுள் தேடலில் சேர்ந்த பெர்ட் என்ற மொழியறியும் முறை, சொற்களைத் தனித்தனியாக எண்ணாமல் சுற்றியுள்ள சொற்களோடு சேர்த்து வாக்கியமாகப் புரிந்துகொள்ள முயன்றது.

தமிழுக்கு இன்னொரு முன்கதையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. தேடுபொறிக்கு அது பொருளற்ற குவியல். எத்தனையோ நல்ல கட்டுரைகள் இருந்தும் இல்லாதவையாகக் கிடந்தன. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கும் யுனிகோடுக்கு மாறியதுதான் தமிழ்ப் பக்கங்களுக்கு நடந்த முதல் உகப்பாக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாறிய பிறகும் பாடு தீரவில்லை. ராமேஸ்வரம், இராமேசுவரம் என்று ஊர்ப்பெயரே இரண்டு விதம். கருவாடு என்பது கருவாட்டை, கருவாட்டுக்கு, கருவாட்டில் என உருமாறும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்கள் வேறு.

அக்காவின் தளத்தைத் திறந்து பார்த்தேன். மேலே ஒரு படகுப் படம், கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் விரலை அழுத்தி இழுத்ததும் நீலப் பட்டைக்குள் எழுத்துகள் எழுந்தன: ‘சிறந்த கருவாடு, மலிவு கருவாடு, ராமேஸ்வரம் கருவாடு, ஆன்லைன் கருவாடு’ என்று நாற்பது வரிக்குமேல். 1990களின் தந்திரத்தை இன்றைய விலைக்கு விற்றிருக்கிறார்கள். இதைத் தேடுபொறி ஏமாற்றாகவே கொள்ளும். பக்கத்தைக் கீழே இறக்கலாம், பட்டியலிலிருந்தே நீக்கவும் செய்யலாம். உழைத்துச் சேர்த்த காசு அது. எனக்கு மனசு ஆறவில்லை.

அத்தனையையும் அழித்துவிட்டு, வாங்க வருகிறவர்கள் அக்காவிடம் நேரில் என்ன கேட்பார்கள் என்று அவரையே சொல்லச் சொன்னேன். மணலில் காயப்போட்டதா, வலைவிரிப்பில் காயப்போட்டதா? உப்பு எவ்வளவு தூக்கலாக இருக்கும்? எத்தனை நாள் தாங்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாதே, அப்போது சரக்கு இருக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சொன்ன பதிலை அவர் பேச்சிலேயே எழுதினேன். நாட்டுப்படகில் வந்த மீனையும் தடைக்கு முன்பே காயவைத்த சரக்கையும் அவர் பிரித்துச் சொன்ன விதத்தை எந்தக் கம்பெனியாலும் எழுதியிருக்க முடியாது. படத்துக்குக் கீழே அது என்ன கருவாடு என்று ஒரு வரியும் சேர்த்தோம். படத்தைத் தேடுபொறி அறிய அந்த வரியும் உதவும்.

தலைப்பில் ‘நெத்திலி’ என்று தட்டினேன். எட்டிப் பார்த்தவர், “நெத்தலின்னு போடுங்க தம்பி, எங்க பக்கம் அப்படித்தான்” என்றார். மதுரையிலிருந்து தேடுபவர் நெத்திலி என்றுதானே தேடுவார் என்றேன். கொஞ்சம் யோசித்தார். தலைப்பில் நெத்திலியை வைத்துக்கொண்டு, முதல் வரியை அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்: “எங்க பாம்பன்ல இதை நெத்தலின்னு சொல்லுவோம்.”