எடை எல்லாச் சீட்டிலும் இருக்கிறது, உயரம் எங்கே?

களியக்காவிளையைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கு தமிழக-கேரள எல்லை ஒரு பொருட்டே இல்லை. தடுப்பூசி இந்தப் பக்கம், காய்ச்சலுக்குப் பாறசாலை, வீசிங் என்றால் மார்த்தாண்டம், பெரிய சந்தேகம் வந்தால் திருவனந்தபுரம். ஒரே பிள்ளைக்கு ஐந்தாறு ஓ.பி. சீட்டு சேர்ந்துவிடும். மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால் எல்லாச் சீட்டிலும் எடை இருக்கும். உயரம் பெரும்பாலும் ஒன்றில்கூட இருக்காது. "பிள்ளை தடிச்சிட்டே வருது, தைராய்டா இருக்குமோ?" என்று கேட்டு வரும்போது முதலில் தேவைப்படுவது அந்த விட்டுப்போன எண்தான்.

தேவைக்கு மேல் தின்று, ஓடியாடாமல் பருமனாகும் பிள்ளை உயரமாகவும் வளரும். வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஹார்மோன் கோளாறு இருப்பது அரிது. தடிப்பும் கூடி, உயரமும் நின்றுபோனால்தான் கவலை. தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, உடலில் ஸ்டீராய்டு மிகுதி எல்லாம் இந்த உருவத்தில்தான் வரும். 5 வயதிலிருந்து பருவ வயது தொடங்கும் வரை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது இயல்பு. 4 செ.மீ.க்கும் கீழே போனால் பருமன் எவ்வளவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம், ஒழுங்காக அளந்தால். செருப்பில்லாமல், சடையை அவிழ்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி நிற்க வைக்கவும். சுவரடியில் டைல்ஸ் பட்டி துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம், கதவு நிலை நல்லது. குதிகால், பிட்டம், தோள் ஒட்டியிருக்க வேண்டும்; பார்வை நேராக. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடியில் பென்சில் கோடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேதியோடு. எடைக் கருவியை வெறும் தரையில் வைக்கவும், பாயின் மேல் அல்ல. எப்போதும் அதே கருவி. இரண்டு ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு இடையே ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம். அதை வைத்துக் கூடியது, குறைந்தது என்று பேசிப் பயனில்லை.

எடையை (கிலோ) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டர்) வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 130 செ.மீ., 40 கிலோ என்றால் 23.7. பெரியவர்களுக்கு இது அதிக எடையின் தொடக்கம்தான். 9 வயதுப் பையனுக்கு இது பருமன். ஆகவே கூகுள் சொல்லும் பெரியவர் அட்டவணை பிள்ளைகளுக்கு உதவாது. 5 முதல் 18 வயது வரை, இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரைபடத்தில் வயதையும் பாலினத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அதில் பெரியவர்களின் 23-க்கு நிகரான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27-க்கு நிகரான கோட்டைத் தாண்டினால் பருமன். வரைபடம் கையில் இல்லையென்றால் இடுப்பைச் சுற்றி அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளவு. ஆறு வயதுக்கு மேல் அது உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 130 செ.மீ. பிள்ளைக்கு 65.

சில அறிகுறிகளுக்குக் கோடு, வரைபடம் எதுவும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பருவ வயதுப் பருமனான பிள்ளை நொண்டினால், வலி கால் முட்டில் என்று சொன்னாலும் அன்றே இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவியிருக்கலாம். இடுப்பின் கோளாறு முட்டில் வலியாகத் தெரியும். நம் ஊரில் நல்ல வர்ம ஆசான்கள் உண்டு, ஆனால் இந்தக் காலைத் தடவக் கூடாது. நடக்கவும் விடக் கூடாது. அடங்காத தாகம், அடிக்கடி மூத்திரம், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது எல்லாம் சர்க்கரையாக இருக்கலாம். அதோடு வாந்தி, சோர்வு, திடீரென எடை இறக்கம் என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். எடை இறங்குகிறதே என்று மகிழ்கிற வீடுகள் உண்டு. தலைவலியோடு பார்வை மங்கினாலும் தள்ளிப்போட வேண்டாம்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருப்பதை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார்கள். தேய்த்தால் போகாது, இன்சுலினின் வேலை மந்தமாகிவிட்டதன் அடையாளம் அது. இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவது, வகுப்பில் தூங்கி விழுவது, வயிற்றிலும் தொடையிலும் அகலமான ஊதாக் கோடுகள், வயதுக்கு வந்து ஓராண்டுக்குப் பிறகும் 90 நாளுக்கு மேல் மாதவிடாய் தள்ளிப்போவது: இவற்றுக்கு ஓரிரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கலாம். 5 வயதுக்கு முன்பே அடங்காப் பசியோடு பருமன் தொடங்கினால், கூடவே பேச்சோ நடையோ தாமதமானால், மரபணுக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

போகும்போது எல்லாச் சீட்டுகளையும், வீட்டிலுள்ள மருந்துப் பாட்டில்களையும் எடுத்துச் செல்லுங்கள். "பசி எடுக்க" என்று வாங்கிய சிரப்பில் சைப்ரோஹெப்டடின் இருக்கலாம். அது ஒவ்வாமை மருந்து, பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். ஒல்லியாக இருந்த காலத்தில் எழுதிய சீட்டைக் காட்டிப் பிறகும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். வீசிங்குக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்த ஸ்டீராய்டு சிரப், வலிப்புக்கான வால்ப்ரோயேட் இரண்டும் எடை கூட்டக்கூடியவை. ஆனால் இவ்விரண்டையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையில் 6, 7 என்று வந்தால் பலரும் காரணம் கிடைத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். மற்ற தைராய்டு அளவு சரியாக இருந்தால், அந்தச் சின்ன ஏற்றம் பெரும்பாலும் பருமனால் வந்தது. பருமனுக்குக் காரணம் அல்ல. 10 வயதுக்கு மேல் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி பார்ப்பார்கள்; ரத்த அழுத்தம் 3 வயதிலிருந்தே பார்க்க வேண்டும். இன்சுலின் அளவைக் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டியதில்லை.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. மேலே சொன்ன பையன் 40 கிலோவிலேயே நின்று 140 செ.மீ. உயரத்தை எட்டினால் பி.எம்.ஐ. 20.4, அதற்குச் சுமார் இரண்டு ஆண்டு ஆகும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் ஒரு வேளைச் சாப்பாடு. கிழங்கு தின்ற வேளையில் சோறு வேண்டாம். சாளை (மத்தி) மீனைப் பொரிக்காமல் குழம்பு வைக்கலாம். ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) அவித்துக் கொடுத்தால் நல்ல உணவு, பழம்பொரியாகப் போட்டால் எண்ணெய்ப் பண்டம், சிப்ஸ் ஆனால் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். கருப்பட்டி நம்முடையது என்பதால் அது சர்க்கரை இல்லை என்றாகிவிடாது. 250 மி.லி. கோலாவில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை. முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். நாளுக்கு ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட்டு, பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேரத் தூக்கம். மற்றதெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு அடுத்த கோட்டைப் பார்த்துப் பேசலாம்.

எடை பார்க்கும்போது கூட வந்த மாமாவையும் சித்தியையும் வெளியே உட்காரச் சொல்லுங்கள். எல்லார் முன்னும் எண்ணைச் சத்தமாகச் சொன்னால், 12 வயதுப் பெண்பிள்ளை அடுத்த முறை ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டாள்.