ஸ்டேட்டஸ் குவோ: காமிக்ஸ்காரர்கள் சொல்வது எந்த நிலை?

லத்தீனில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிலை, 'குவோ' என்றால் 'எதில்'. இரண்டும் சேர்ந்தாலும் அரை வாக்கியம்தான். 'போருக்கு முன் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில்' என்ற நீண்ட ராஜதந்திரத் தொடரின் வாலை வெட்டியதால் மிஞ்சியது இது. அமெரிக்க-பிரிட்டன் போரை முடித்த 1814 கென்ட் உடன்படிக்கை அந்த முழுத் தொடரின் பொருளில் அமைந்தது: பிடித்த நிலத்தை அவரவர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லத்தீனில் 'நிற்றல்' என்ற வினையிலிருந்து 'ஸ்டேட்டஸ்' பிறந்தது. தமிழிலும் நில் என்பதிலிருந்தே நிலை வந்தது. வடமொழி 'ஸ்திதி'க்கும் லத்தீன் சொல்லுக்கும் ஒரே வேர். ஆகவே முதல் பாதிக்கு 'நிலை' கச்சிதம். தகராறு இரண்டாம் பாதியில்: எந்தக் காலத்து நிலை?

நீதிமன்றச் செய்திகளில் 'ஸ்டேட்டஸ் குவோ' என்றால் இன்று இருக்கும் நிலை. தீர்ப்பு வரும்வரை யாரும் எதையும் மாற்றக் கூடாது. காமிக்ஸில் பொருள் வேறு. அடுத்த இதழைப் பிரிக்கும்போது வாசகர் எதிர்பார்க்கும் ஏற்பாடு அது: யார் எந்தக் குழுவில், என்ன உடையில், எந்த ஊரில். கதை நடுவே எல்லாம் கலையலாம், முடிவில் அங்கே திரும்பிவிடும்.

இரு நாயகர்கள் ஒரே கதையில் சேரும் டீம்-அப் இதழ்கள் இந்த ஏற்பாட்டை நம்பியே பிழைத்தன. அமெரிக்க மார்வெல் நிறுவனம் 1972இல் தொடங்கிய 'மார்வெல் டீம்-அப்' பெரும்பாலும் ஸ்பைடர்மேனோடு மாதம் ஒரு விருந்தாளியைச் சேர்த்தது. (தமிழ் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கமான ஸ்பைடர் வேறு ஆள், பிரிட்டிஷ் பாத்திரம்.) விருந்தாளிக்குத் தனி இதழ் இருந்தால், அங்கே நடப்பதோடு இங்கே வருவது முரண்படக் கூடாது. எனவே இரு தரப்புக்கும் பெரிய மாற்றம் வராத கதைதான் பாதுகாப்பு.

1984 அதைக் கலைத்தது. மார்வெல் நாயகர்கள் பலர் சேர்ந்து வரும் 'சீக்ரெட் வார்ஸ்' தொடர் 12 இதழ்கள்; முதல் இதழின் அட்டைத் தேதி மே 1984. நாயகர்கள் வேற்றுக்கிரகத்துக்குப் போய், மாறித் திரும்புவதுதான் கதை. ஆனால் அதே மே மாதத் தேதியிட்ட, ஸ்பைடர்மேனின் சொந்தத் தொடரான 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 252இலும் 'மார்வெல் டீம்-அப்' 141இலும் ஸ்பைடர்மேன் ஏற்கெனவே கறுப்பு உடையில் திரும்பிவிட்டார்! டீம்-அப்பில் அந்த மாத விருந்தாளி டேர்டெவில். உடை எங்கே கிடைத்தது என்பது 'சீக்ரெட் வார்ஸ்' 8இல், டிசம்பரில்தான் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, 'அமேசிங்' 258இல், அந்த உடை ஓர் உயிர் என்பது அம்பலமாகிவிட்டது. பழைய இதழ்களை அட்டைத் தேதிப்படி அடுக்குபவர்கள் குழம்புவது இங்கேதான். கதைக்கால வரிசை வேண்டுமானால் 'அமேசிங்' 251, பிறகு 'சீக்ரெட் வார்ஸ்' 1 முதல் 12 வரை, அதன்பின் 252 என்று படிக்க வேண்டும். வியப்பு கெடக் கூடாது என்பவர்களுக்கு வெளிவந்த வரிசையே நல்லது.

'மார்வெல் டீம்-அப்' பிப்ரவரி 1985இல் 150ஆம் இதழோடு நின்றது. அதன் இடத்தில் வந்த 'வெப் ஆஃப் ஸ்பைடர்மேன்' முதல் இதழிலேயே தேவாலய மணியோசையில் அந்த உயிர் அவரைவிட்டுப் பிரிந்தது. ஆனால் கறுப்பு நிறம் நீடித்தது. துணியில் தைத்த கறுப்பு உடையை அவ்வப்போது அணிந்தார். 1988 மே மாத 'அமேசிங்' 300இல் சிவப்பு-நீலத்துக்குத் திரும்பினார்.

தமிழில் என்ன சொல்வது? 'தற்போதைய நிலை' நீதிமன்றத்துக்குச் சரி, காமிக்ஸுக்குப் பொருந்தாது. மே 1984இல் தற்போதைய நிலை கறுப்பு உடை. வாசகர் திரும்பும் என்று காத்திருந்ததோ சிவப்பு-நீலம். 'நிலவரம்' அன்றாடம் மாறுவது. ஈழத்துச் செய்தி நடையில் 'நிலைமை வழமைக்குத் திரும்பியது' என்பார்கள். திரும்பி வரும் இடம் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. அதனால் ஸ்டேட்டஸ் குவோவுக்கு 'வழமை' என்றும், அது குலைவதற்கு 'வழமை மாற்றம்' என்றும் எழுதலாம். 'நிலைமாற்றம்' வேண்டாம், பனி நீராவதற்கும் அதைத்தான் சொல்கிறோம்.