ஆல்பம் என்றால் வெள்ளை

2006 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா ‘பேக் டு பேசிக்ஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பழைய ஜாஸ், புளூஸ், சோல் இசையில் ஊறி எழுந்த பாடல்கள், மொத்தம் 22 தடங்கள், முதல் குறுந்தகட்டில் 13, இரண்டாவதில் 9. இதைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். “அகிலேராவின் புதிய இசைத்தட்டு இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டது.” படித்தால் சிரிப்பு வருகிறது இல்லையா? ஆல்பம் என்ற சொல்லுக்கு இசைத்தட்டு என்று பெயர்க்கிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது, ஒரு தட்டு ஒரு ஆல்பமாக இருந்த காலத்தில் அது ஓடியது, இரண்டு தட்டு வந்ததும் மாட்டிக்கொண்டது. சரி, அப்படியானால் ஆல்பம் என்பதுதான் என்ன?

வெள்ளை. அவ்வளவுதான். லத்தீனில் ‘அல்பஸ்’ என்றால் வெள்ளை நிறம், ‘அல்பம்’ என்றால் வெள்ளையாக இருக்கும் பொருள். பழைய ரோமில் ஒரு பலகைக்கு வெள்ளையடித்து, அதன்மேல் கறுப்பில் எழுதி, ஊர் பார்க்கும் இடத்தில் வைப்பார்கள். தலைமைப் பூசாரி அந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகளை எழுதி வைத்தது அப்படி ஒரு பலகையில்தான். நீதி அதிகாரியின் ஆணைகளும் அப்படியே வந்தன, செனட் உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலுக்கும் அதே பெயர். நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்து அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு. முட்டையின் வெள்ளைக்கரு சார்ந்த ஆல்புமின், உடல் வெளுத்துப் பிறப்பவர்களைக் குறிக்கும் அல்பினோ எல்லாம் இதே வேரில் கிளைத்தவை.

பலகையிலிருந்து புத்தகத்துக்கு இந்தச் சொல் தாவியது 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். விட்டன்பர்க் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் படித்த மாணவர்கள் கையில் ஒரு வெற்று நோட்டு வைத்துக்கொண்டு, நண்பர்களிடமும் பேராசிரியர்களிடமும் நீட்டி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதற்கு லத்தீனில் ‘அல்பம் அமிகோரம்’ என்று பெயர், நண்பர்களின் வெள்ளை ஏடு. பள்ளிக்கூடம் முடிகிற கடைசி வாரத்தில் நாம் கலர் கலரான பக்கங்களோடு ‘ஆட்டோகிராப்’ நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அதேதான். நாம் அதைக் கையெழுத்து என்ற சொல்லால் அழைத்தோம், அவர்கள் வெற்றுப் பக்கத்தின் வெள்ளையால் அழைத்தார்கள். அப்புறம் கவிதை, தபால்தலை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புகைப்படம் என்று எதையெல்லாம் ஒட்டிச் சேர்த்து வைக்க முடியுமோ அந்த நோட்டுக்கெல்லாம் இந்தப் பெயர் பரவியது. இசைக்கும் தட்டு வருவதற்கு முன்பே இந்தப் பெயர் வந்துவிட்டது: ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1848இல் இளையோருக்காக எழுதிய சின்னச் சின்னப் பியானோ துண்டுகளின் தொகுதிக்குப் பெயரே ஆல்பம்தான். அது அச்சிட்ட புத்தகம்.

நாம் இன்று சொல்கிற பொருள் கிராமபோனோடு வந்தது, இந்தக் கதை கொஞ்சம் விரிவாகவே சொல்லத்தக்கது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்துத் தட்டில், பத்து அங்குலமாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ஒரு பாட்டுக்குப் போதும். பெரிய வாத்தியக் குழு நீளமாக வாசிக்கும் ஒரு சிம்பொனிக்கு எங்கே போதும்? ஆகவே நீண்ட இசையைத் துண்டு துண்டாக வெட்டி நாலைந்து தட்டுகளில் பதிவு செய்தார்கள். 1909இல் ஓடியன் நிறுவனம் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஒரு படைப்பை நான்கு தட்டுகளில் ஒரே கட்டாக விற்றது. தட்டு உடையக்கூடியது, ஆகவே கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றில் பக்கங்களுக்குப் பதிலாகக் காகித உறைகளைத் தைத்து, ஒவ்வொரு உறையிலும் ஒரு தட்டைச் செருகிவைத்தார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் போட்டோ ஆல்பம். பெயரும் அதுவே ஆனது. அதாவது ஆல்பம் என்பது முதலில் இசையையும் குறிக்கவில்லை, தட்டையும் குறிக்கவில்லை, தட்டுகளைச் செருகிவைத்த புத்தகத்தைத்தான் குறித்தது.

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நெடுந்தட்டை வெளியிட்டது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நாலைந்து தட்டுகளின் வேலையை ஒன்றே பார்த்துவிட்டது, புத்தகத்துக்கு வேலை போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. நமக்கு இது புதிதா என்ன, எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய், இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டோம், எள்ளை யார் தேடுகிறார்கள்? அப்படித்தான் கேசட்டிலும் ஆல்பம், குறுந்தகட்டிலும் ஆல்பம், கையில் பிடிக்க ஒன்றுமே இல்லாத கைப்பேசி ஒலியிலும் ஆல்பம். 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் வெறும் வெள்ளை அட்டையில் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தை ரசிகர்கள் ‘ஒயிட் ஆல்பம்’ என்றே அழைக்கிறார்கள். வேரைப் பார்த்தால் ‘வெள்ளை வெள்ளை’. கேட்டுக் கதவு, நடுசென்டர் என்று நாம் பேசுவதற்கு உலகத் தரத்தில் துணை கிடைத்துவிட்டது.

இப்போது அகிலேராவிடம் திரும்பினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அவர் தேடிப்போனது முக்கியமாக 1920கள் முதல் 40கள் வரையிலான இசை, கூடவே பிற்காலத்து சோல். இரண்டாம் தட்டில் ‘கேண்டிமேன்’ என்று ஒரு பாட்டு, ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்ற மூவர் குழு 1941இல் பாடிய, பூகி வூகி என்ற துள்ளல் தாளத்தில் அமைந்த பட்டாளப் பாட்டுக்கு அது வணக்கம் சொல்கிறது, காணொளியில் மூன்று தலைமுடி நிறத்தில் மூன்று சகோதரிகளாகவும் அவரே வந்து நிற்கிறார். ஆனால் அந்தச் சகோதரிகளின் காலத்தில் ஒரு பாடகியின் பிழைப்பு மூன்று நிமிடத் தனித்தட்டில்தான் நடந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, அது ஓடினால் அடுத்த தட்டு. 1960களின் சோல் பாடகர்களுக்கும், வானொலிக்கும் ஜூக்பாக்ஸுக்கும் போன சின்னத் தட்டுதான் சோறு போட்டது. தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக விற்ற பாடல்களின் காலத்தை நினைத்து ஏங்கி, 22 தடங்களை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார் இவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் தட்டில் டிஜே பிரீமியர் போன்ற ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் பழைய பதிவுகளின் துணுக்குகளை வெட்டி எடுத்துப் புதுத் தாளத்தில் கோத்தார்கள், இரண்டாம் தட்டை லிண்டா பெரி நேரடியாக வாத்தியங்களை வாசிக்கவைத்துத் தயாரித்தார், ஒரே காலத்தின்மேல் உள்ள காதலை இரண்டு விதமாகச் சொல்லும்போது இரண்டு தட்டு வைத்ததற்குக் காரணம் புரிகிறது. எனக்கு இரண்டாவது தட்டுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

(இடையில் ஒன்று. சோல் இசையை ‘ஆன்ம இசை’ என்று யாராவது பெயர்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், மார்கழி பஜனை என்று நினைத்துவிடுவார்கள். ஜாஸும் சோலும் வகைப் பெயர்கள், அப்படியே இருக்கட்டும்.)

தமிழுக்கு வருவோம். நம்மிடம் இந்தச் சொல் முதலில் போட்டோ ஆல்பமாகத்தான் வீட்டுக்குள் வந்தது. கல்யாணம் முடிந்த மறுமாதம் ஸ்டுடியோக்காரர் “கரிஸ்மா ஆல்பமா, சாதாவா, எத்தனை ஷீட்?” என்று கேட்கும்போது அதற்கு யாரும் தமிழ்ச்சொல் தேடுவதில்லை. இலங்கையில் ‘அல்பம்’ என்று எழுதுகிறார்கள், உண்மையில் லத்தீன் ஒலிப்புக்கு அதுதான் பக்கம், ஆனால் “சீ, அல்பம்!” என்று திட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அற்பமாகக் காதில் விழும். குறுந்தகட்டுக்கு அவர்கள் வைத்த ‘இறுவட்டு’ நல்ல சொல், அதுவும் பொருளைத்தான் குறிக்கிறது, உள்ளடக்கத்தை அல்ல. தமிழ்நாட்டிலோ இன்னொரு திருப்பம்: ‘ஆல்பம் சாங்’ என்றால் சினிமாவில் வராத, தனியாக எடுத்து யூடியூபில் ஏற்றிய ஒற்றைப் பாட்டு. பல பாட்டின் கட்டுக்குப் பெயராக இருந்த சொல் இங்கே ஒற்றைப் பாட்டுக்கு ஆகிவிட்டது! தப்பு என்று குதிக்கலாம், பிரயோஜனம் இல்லை. நம் ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு, அதிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

பரவலாக எழுதப்படும் தமிழ்ச்சொல் ‘இசைத்தொகுப்பு’. நானும் பல வருடம் அதைத்தான் எழுதினேன். இரண்டு சங்கடம். ஒன்று, தொகுப்பு என்றால் ஏற்கெனவே இருப்பதைச் சேர்ப்பது என்ற வாசனை அடிக்கிறது, ஒரு பாடகரின் பழைய வெற்றிப் பாடல்களை அள்ளிப் போட்ட தட்டுக்கும், புதிதாக எழுதிப் பாடிய ஆல்பத்துக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இன்னொன்று, படத்தொகுப்பு என்றால் சினிமாவில் எடிட்டிங், ஆகவே போட்டோ ஆல்பத்துக்கு அந்தச் சொல் கிடைக்காது, இசைத்தொகுப்பாளர் என்று எழுதினால் ஆளுக்கு ஆள் ஒரு பொருள் கொள்வார்கள்.

இந்தச் சிக்கலை நம் ஆட்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குச் சுவை. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நாலாகப் பிரிக்கிறது. முத்தகம் தனியாக நின்று பொருள் முடிகிற ஒற்றைப் பாட்டு, அச்சாக இன்றைய ‘சிங்கிள்’. குளகம், பல பாட்டு சேர்ந்தால்தான் பொருள் முடிவது. தொகைநிலை, பாடல்களைப் பொருளாலோ அளவாலோ வேறு ஒன்றாலோ ஒன்றுசேர்ப்பது, நான்கு முதல் எட்டு அடிப் பாடல்களைக் குறுந்தொகையாகக் கட்டினார்களே அது போல. தொடர்நிலை, ஒன்றோடொன்று சங்கிலியாகப் போவது, ஒரே கதையைச் சொல்லும் ஆல்பங்களுக்கு இது பொருந்தும். சேர அரசர்களைப் பாடும் சங்கநூலான பதிற்றுப்பத்தைப் பார்த்தால் ஆல்பம் அட்டையின் பின்பக்கமே தெரியும். ஒரு புலவர் ஓர் அரசனைப் பத்துப் பாட்டில் பாடுவார், ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்குள்ளிருந்தே எடுத்த ‘புண்ணுமிழ் குருதி’ மாதிரி ஒரு தலைப்பு, முடிவில் பதிகம் வந்து பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், பாட்டுகளின் பெயர் என்ன என்று பட்டியல் கொடுக்கும். கூடவே கிடைத்த பரிசும் குறித்திருக்கும்: அந்தப் புலவர்களில் ஒருவரான குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊரும், தென்னாட்டு வருவாயில் 38 ஆண்டுக்குப் பங்கும். ராயல்டி என்றால் இதுவல்லவா ராயல்டி. பரிபாடலில் இன்னும் ஒரு படி மேலே, இசை அமைத்தவர் பெயரும் பண்ணும் தனியாகக் குறித்திருக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படி. பழைய பாடல்களை அள்ளிச் சேர்த்தால் ‘திரட்டு’, தனிப்பாடல் திரட்டு என்று நூலே இருக்கிறது. ஒற்றைப் பாட்டுக்குத் தனிப்பாடல், முத்தகம் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். தட்டு, வட்டு, தகடு எல்லாம் பொருளின் பெயர், அதோடு நிற்கட்டும். புதிதாகச் செய்த ஆல்பத்துக்கு? பொதுவாசகருக்கு எழுதும்போது இசைத்தொகுப்பு போதும், திரட்டு தனியே பிரிந்துவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்தது. எனக்கென்று கேட்டால் ‘பாட்டேடு’. ஏடு என்பதும் முதலில் எழுதுகிற பரப்புதான், பனையோலை. அப்புறம் புத்தகமானது, அப்புறம் நாளேடு, கையேடு, பதிவேடு என்று ஓலையை விட்டே வெளியே போய்விட்டது. வெள்ளைப் பலகை நோட்டாகி, நோட்டு தட்டுப் புத்தகமாகி, புத்தகமும் மறைந்து பாட்டாக மட்டும் நிற்கிற ஆல்பம் நடந்த அதே பாதை. ‘இசையேடு’ என்றும் யோசித்தேன், இசைப் பத்திரிகை என்று நினைப்பார்கள், விட்டுவிட்டேன்.

“அகிலேராவின் 2006ஆம் ஆண்டுப் பாட்டேடு இரண்டு தட்டுகளாக வந்தது.” இடறவில்லை, பாருங்கள்.

போட்டோ ஆல்பத்துக்கும் இதே வழியில் பட ஏடு என்று வைக்கலாம், ஆனால் பிரித்துத்தான் எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் படவேடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.